பருத்தித் துணிக்கு வீட்டில் சாயம் முக்குவது எப்படி?

தையல் நன்றாக இருக்கும், துணியும் கிழிந்திருக்காது. நிறம் மட்டும் மங்கிப்போனதால் அலமாரியின் அடித்தட்டுக்குப் போன சுடிதார், சட்டை, பருத்திச் சேலை எல்லா வீட்டிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே மதியத்தில் மீட்டுவிடலாம். இரண்டு பிளாஸ்டிக் வாளி, உப்பு, சோடா, துணிக்குப் பொருந்தும் சாயப்பொடி, இவ்வளவுதான் தேவை. வீட்டில் சாயம் முக்கிப் பார்த்து "சரிவரவில்லை" என்று விட்டவர்கள் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் தவறியிருப்பார்கள். ஒன்று, துணிக்கு ஒவ்வாத சாயத்தை வாங்கியிருப்பார்கள். இல்லையென்றால், கடைசியில் அலசும் வேலையைப் பாதியில் முடித்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறது.

சாயம் என்ன செய்கிறது?

சாயம் தண்ணீரில் கரையும், நூலிழைக்குள் புகும், அங்கேயே தங்கி நிறம் கொடுக்கும். பெயிண்டில் இருப்பது நிறமி. அது கரையாது, பசைப்பொருள் ஒன்றின் உதவியோடு மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். டி-சர்ட்டில் அச்சடித்த படம் நாளடைவில் வெடித்து உரிகிறதே, அது பெரும்பாலும் நிறமி அச்சு. அதே டி-சர்ட்டின் உடல் நிறம் மங்கும், ஆனால் உரியாது. அது சாயம்.

சாயம் இழையில் தங்கும் விதம் ஒன்றல்ல. சில சாயங்கள் இழையோடு வேதிவினை புரிந்து அதன் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். சில, வெறும் ஈர்ப்பில் ஒட்டியிருந்து ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் இறங்கும். ஜீன்ஸ் நீலம் போன்றவை கரைந்த நிலையில் நூலுக்குள் போய், காற்றுப் பட்டதும் கரையாத பொருளாக மாறி மாட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் நூலின் வெளிவட்டத்தில் மட்டுமே நீலம் ஏறியிருப்பதால்தான் முழங்காலும் மடிப்பும் தேயத் தேய வெள்ளை தெரிகிறது.

துணியைத் தவிரவும் சாயங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. பேனா மை, தோல் செருப்பு, தலைமுடிச் சாயம், கேசரிப் பவுடர் என்று பட்டியல் நீளும். ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குப் பயன்படுத்தவே கூடாது. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோடமின்-பி என்ற சாயம் பஞ்சுமிட்டாயில் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டது. தலைமுடிச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பாரா-ஃபீனைலின்-டையமின் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலையில் போட வேண்டும். பழைய பெட்டியில் ஒத்துக்கொண்டது என்பது புதிய பெட்டிக்கு உத்தரவாதம் இல்லை.

இனி துணி.

முதலில் துணியை அடையாளம் காணுங்கள்

"காட்டன்தான்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள். உள்மடிப்பிலிருந்து நாலைந்து நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பல் வந்தால் அது பருத்தி, லினன் அல்லது ரேயான். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல நின்றால் பாலியெஸ்டர் அல்லது நைலான். சாம்பலும் கொஞ்சம், மணியும் கொஞ்சம் என்றால் கலப்புத் துணி. நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் வேறு வேறாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே எரித்துப் பார்ப்பது நல்லது.

பருத்தி, லினன், விஸ்கோஸ் ரேயான், சணல் எல்லாவற்றுக்கும் கீழே சொல்லும் ரியாக்டிவ் சாயம், அதாவது இழையோடு வேதிவினை புரியும் வகை, பொருந்தும். பட்டு, கம்பளிக்கு ஆசிட் சாயம் தனியாக உண்டு. வினிகர் சேர்த்துச் சூடாக்கி முக்குவார்கள். பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும். பட்டறைகளில் அதை அழுத்தத்தில் 130 டிகிரி வரை சூடேற்றி முக்குகிறார்கள். முதல்முறை முயல்பவருக்கு அது வேண்டாம். பாலியெஸ்டர் பாதி, பருத்தி பாதி என்ற துணியில் பருத்திப் பாதி மட்டும் நிறமேறி, மொத்தத்தில் வெளிர்ந்து தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். முழுப் பருத்திச் சட்டையாக இருந்தாலும் தையல் நூல் பாலியெஸ்டராக இருப்பதே அதிகம். கருநீலம் முக்கினால் தையல் மட்டும் பழைய வெள்ளையிலேயே நிற்கும். சிலருக்கு அது அழகு, சிலருக்கு அல்ல. இரண்டாவது, ஜரிகை வைத்த சேலை, வேட்டி எதையும் சோடாத் தண்ணீரில் போடாதீர்கள். ஜரிகை கறுக்கும்.

வாங்க வேண்டியவை

கடையில் "கோல்டு (cold) பிராண்டு ரியாக்டிவ் டை" என்று கேளுங்கள். ஈரோடு, திருப்பூர், கரூர், சின்னாளப்பட்டி போன்ற நெசவு ஊர்களின் சாயக் கடைகளில் 100 கிராம் அளவில்கூடக் கிடைக்கும், இணையத்திலும் வாங்கலாம். 1956-இல் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வகை இது. பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயங்களில் சந்தைக்கு வந்த முதல் வகையும் இதுவே. சாயம் ஏற அடுப்பே தேவையில்லை, நம் ஊர் வெயிலின் சூடு போதும் என்பதால் வீட்டுக்கு இதைவிட ஏற்றது இல்லை.

டப்பாவில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். யெல்லோ எம்4ஜி, ரெட் எம்5பி, புளூ எம்ஆர் என்று 'எம்' இருந்தால் கோல்டு பிராண்டு. 'எச்' இருந்தால் ஹாட் பிராண்டு, அதற்கு 80 டிகிரி வேண்டும். 'எம்இ' என்பது வேறு வகை, அதற்கு 60 டிகிரி. அவசரத்தில் 'எம்இ' டப்பாவை 'எம்' என்று படித்து வாங்கி, வாளியில் போட்டு ஏறவில்லையே என்று வருந்துவது அடிக்கடி நடப்பது. கடைசியில் வரும் ஜி மஞ்சள் அல்லது பச்சைச் சாயலையும், ஆர் சிவப்புச் சாயலையும், பி நீலச் சாயலையும் குறிக்கும். மேலே சொன்ன மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றை மட்டும் வாங்கினால் பச்சை, ஆரஞ்சு, ஊதா, பழுப்பு எல்லாம் நீங்களே கலந்துகொள்ளலாம். கறுப்பைத் தனியாக வாங்குங்கள். மூன்றையும் கலந்து கறுப்பு கொண்டுவருவது புதியவர்களுக்குக் கைகூடாது.

ஃபேன்ஸி ஸ்டோரில் சின்னப் பொட்டலமாக விற்கும், உப்புப் போட்டுக் கொதிக்கவைக்கும் சாயங்கள் பெரும்பாலும் வெறும் ஈர்ப்பில் ஒட்டும் டைரக்ட் வகை. வேலை சுலபம், ஆனால் ஒவ்வொரு துவைப்பிலும் இறங்கும். ஒருநாள் நாடக உடைக்குப் போதும், தினம் உடுத்தும் துணிக்கு வேண்டாம்.

சோடா விஷயத்தில் குழப்பம் நிறைய. வேண்டியது சோடா ஆஷ், அதாவது நீரில்லாத சோடியம் கார்பனேட், மாவு போன்ற வெள்ளைப் பொடி. சமையலறை ஆப்பச் சோடா வேறு பொருள். அதன் காரம் போதாது, அறை வெப்பத்தில் சாயம் பிடிக்காது. படிகமாகக் கிடைக்கும் சலவைச் சோடாவைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய 63% தண்ணீர்தான். 100 கிராம் சோடா ஆஷுக்குப் பதில் 270 கிராம் படிகம் போட வேண்டும்.

உப்பு எதுவானாலும் சரி. கல் உப்பில் மண் இருந்தால் கரைத்து வடிகட்டுங்கள். கூடவே ரப்பர் கையுறை, மூக்கும் வாயும் மூடும் நல்ல முகக்கவசம், ஒரு கிராம் காட்டும் தராசு. முகக்கவசம் ஒப்புக்கு அல்ல. ரியாக்டிவ் சாயத் தூள் பழகப் பழகச் சிலருக்கு மூச்சிரைப்பு நோயைக் கொண்டுவரும். டப்பாவைத் திறப்பது, எடை போடுவது, முதல் கரைசல் ஆகும்வரை எல்லாமே மின்விசிறியை நிறுத்திவிட்டு, கவசத்தோடு. கரைந்த பிறகு அந்த ஆபத்து இல்லை.

பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர். அலுமினியத்தைச் சோடா அரிக்கும். சாயத்துக்கு எடுத்த கரண்டி, அளவுக்குவளை எதுவும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

அளவு

எல்லாக் கணக்கும் உலர்ந்த துணியின் எடையை வைத்து. சாதாரணப் பருத்திச் சேலை ஒன்று சுமார் அரைக் கிலோ இருக்கும். அரைக் கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால்:

வெளிர் நிறம்: சாயம் 2.5 கிராம், உப்பு 300 கிராம், சோடா ஆஷ் 100 கிராம்.
நடுத்தரம்: சாயம் 10 கிராம், உப்பு 500 கிராம், சோடா ஆஷ் 100 கிராம்.
அடர்ந்த நிறம்: சாயம் 20 கிராம், உப்பு 700 கிராம், சோடா ஆஷ் 150 கிராம்.
கறுப்பு: சாயம் 40 கிராம், உப்பு 800 கிராம், சோடா ஆஷ் 200 கிராம்.

2.5 கிராமை வீட்டுத் தராசில் நிறுப்பது கடினம். 10 கிராம் சாயத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால் 100 மில்லியில் ஒரு கிராம் சாயம் இருக்கும்; 250 மில்லி அளந்து ஊற்றினால் முடிந்தது. நிறம் கலக்கவும் இதுதான் வசதி. சோடா சேர்க்காத இந்தக் கரைசலை நிழலில் மூடிவைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

முக்கும் முறை

1. கஞ்சி எடுப்பது. புதுத் துணியில் ஆலைக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு. பழைய துணியில் வியர்வை, சோப்பு மிச்சம், துணி மென்மையாக்கி. இவை இருக்கும் இடத்தில் சாயம் இறங்காது. 10 லிட்டர் சுடுதண்ணீரில் 20 கிராம் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு, துணி தாங்குமென்றால் அரைமணி கொதிக்க விட்டு, நன்றாக அலசுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீரை உலர்ந்த மூலையில் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் தயார். முத்துப் போல நின்றால் இன்னொரு முறை. பிறகு துணியை ஈரமாகவே வைத்திருங்கள்.

2. சாயம் கரைப்பது. பொடியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கட்டியில்லாத விழுதாக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரையுங்கள். கொதிநீர் வேண்டாம், கோல்டு பிராண்டு சாயம் சூட்டில் தண்ணீரோடே வினைபுரிந்து வீணாகும். கரைசலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒன்பது லிட்டர் தண்ணீர் உள்ள வாளியில் ஊற்றுங்கள். கரையாத ஒரு துகள் போதும், துணியில் பொட்டு விழும்.

3. துணியை இறக்குவது. ஈரத் துணியை விரித்து இறக்கி, பத்து நிமிடம் விடாமல் புரட்டுங்கள். துணி நீந்த வேண்டும். திணித்து வைத்தால் மடிப்புத் தெரியும்.

4. உப்பு. மூன்று பங்காக, பத்து நிமிட இடைவெளியில். ஒவ்வொரு முறையும் துணியை ஒருபக்கம் ஒதுக்கி அல்லது வெளியே எடுத்து, உப்பு கரைந்த பிறகே மறுபடி இறக்குங்கள். தண்ணீரில் பருத்தியும் எதிர்மின் தன்மை, சாயமும் எதிர்மின் தன்மை. ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளுதலை உப்பு குறைத்து, சாயத்தை நூலுக்கு அருகே கொண்டுவருகிறது. சாயத்தை நிலைநிறுத்துவது உப்பு அல்ல. அது அடுத்து வரும் சோடாவின் வேலை.

5. சோடா. மீதி ஒரு லிட்டர் தண்ணீரில் சோடாவைக் கரைத்து, ஆறவிட்டு, இரண்டு பங்காகச் சேருங்கள். துணிமேல் நேரடியாக ஊற்றவே கூடாது. ஊற்றிய இடத்தில் மட்டும் சாயம் சட்டெனப் பிடித்துத் திட்டாகும். சோடா விழுந்த நொடியிலிருந்து வினை தொடங்குகிறது. முதல் 15 நிமிடம் கையை எடுக்காமல் புரட்டுங்கள், நிறம் சீராக வருவது இந்தக் கால்மணியில்தான். அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும். மொத்தம் ஒரு மணி நேரம். நீலப்பச்சை வகை டர்க்காய்ஸ் மட்டும் மூலக்கூறு பெரிதாக இருப்பதால் மெதுவாக ஏறும். வாளியை வெயிலில் வைத்து இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

6. வெளியே எடுப்பது. ஒரு மணி நேரம் கழித்தும் வாளித் தண்ணீர் நிறமாகவே இருக்கும். சாயம் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று அடுத்த துணியைப் போடாதீர்கள். அங்கே இருப்பது தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போன சாயம். அது கறையாக்கும், நிறமேற்றாது.

7. அலசுவது. முக்கியமான கட்டம். செத்த சாயம் துணியிலும் நிறைய ஒட்டியிருக்கும். அதை எடுத்தால்தான் மற்ற துணிகள் தப்பிக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி உப்பையும் சோடாவையும் போக்குங்கள். விரலில் வழுவழுப்பு தெரிகிறவரை சோடா இருக்கிறது என்று பொருள். உப்பு இருக்கும்போது சுடுதண்ணீரில் போட்டுப் பயனில்லை. உப்பு சாயத்தைத் துணியோடு அழுத்தியே வைத்திருக்கும். உப்புப் போன பிறகு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் சோப்புத் தூள் போட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள். தண்ணீர் அடர்ந்த நிறமாக மாறும், பயப்படாதீர்கள். அதைக் கொட்டிவிட்டு மறுபடி சுடுதண்ணீர். அடர்ந்த சிவப்புக்கும் கறுப்புக்கும் நான்கு முறைகூட ஆகும். ஈரத் துணியை வெள்ளைக் கைக்குட்டையால் மடித்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் வேலை இன்னும் முடியவில்லை.

8. நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தைவிட உலர்ந்தபின் நன்றாகவே வெளிர்ந்திருக்கும். சாயல் பார்க்க வேண்டுமானால் அதே துணியில் சின்னத் துண்டு ஒன்றைக் கூடவே முக்கி, இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திப் பாருங்கள்.

எது தவறினால் என்ன ஆகும்

திட்டுத்திட்டாக வந்தால்: கஞ்சி சரியாகப் போகவில்லை, உலர்ந்த துணியை இறக்கினீர்கள், அல்லது சோடாவை ஒரே இடத்தில் ஊற்றினீர்கள். இதை அழித்துச் சரிசெய்வதைவிட, இன்னும் அடர்ந்த நிறத்தை மேலே ஏற்றுவதே எளிது.

எதிர்பார்த்ததில் பாதிதான் ஏறியிருந்தால் சோடாவைச் சந்தேகப்படுங்கள், அடுத்து சாயத்தின் வயதை, அடுத்து கலப்புத் துணியை. கறுப்பு முக்கியது கருஞ்சிவப்பாகவோ கருநீலமாகவோ வந்தால் சாயம் குறைவு. கறுப்பு டப்பாவே பல நிறங்களின் கலவையாக இருக்கலாம். அளவு குறையும்போது அவற்றில் ஒன்று தலைதூக்கும்.

நிறம் மங்கலாக, தேய்த்தால் பொடியாக வந்தால் காரணம் தண்ணீர். கடினமான ஆழ்குழாய்த் தண்ணீரில் சோடா விழுந்ததும் வெண்மையாகக் கலங்கும். சுண்ணாம்பு படிந்து, சாயத்தையும் சேர்த்துத் துணிமேல் உட்காரும். மழைத் தண்ணீர், வடிகட்டிய குடிதண்ணீர் நல்லது. இல்லையென்றால் சாயக் கடையில் கிடைக்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட் லிட்டருக்கு ஒரு கிராம் முதலிலேயே கரைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நிறத்தின் மேல் முக்கும்போது புது நிறம் பழையதை மறைக்காது, அதோடு கூடும். மஞ்சள் சட்டையில் நீலம் முக்கினால் பச்சைதான். இளஞ்சிவப்பில் நீலம் முக்கினால் ஊதா. அடர் பச்சையை மஞ்சளாக்க முடியாது. எண்ணெய்க் கறையும் ப்ளீச் பட்ட வெள்ளைப் பொட்டும் முக்கிய பிறகும் கண்ணுக்குத் தெரியும்.

முடிச்சு போட்டு முக்க விரும்பினால்

மதுரைச் சுங்குடியின் புள்ளி ஒவ்வொன்றும் துணியைத் துளியளவு கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டியதால் வருவது. கட்டிய இடத்தில் சாயம் புகாது. சௌராஷ்டிரச் சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் இந்தத் தொழிலின் நுணுக்கம் வீட்டில் முதல் நாளே வராது. பெரிய முடிச்சுகளில் தொடங்குங்கள். ஒரே நிறமானால், மேலே சொன்ன வாளி முறையிலேயே கட்டிய துணியை முக்கலாம். பல நிறம் வேண்டுமானால் துணியை லிட்டருக்கு 50 கிராம் சோடா கரைத்த தண்ணீரில் கால்மணி ஊறவைத்து, பிழிந்து, கட்டுங்கள். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் யூரியா, 2 அல்லது 3 கிராம் சாயம் கரைத்துப் புட்டியில் ஊற்றிப் பீய்ச்சுங்கள். யூரியா ஈரத்தைப் பிடித்துவைக்கும். காய்ந்த துணியில் வினை நின்றுவிடும். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு. மறுநாள் முடிச்சை அவிழ்க்காமலே ஓடும் தண்ணீரில் அலசி, நிறம் குறைந்த பிறகு ஓடும் தண்ணீரிலேயே அவிழ்த்து, உடனே சுடுதண்ணீர்ச் சலவைக்குப் போங்கள். அவிழ்த்த துணியைக் குவித்து வைத்தால் வெள்ளை அத்தனையும் அழுக்காகும்.

இயற்கைச் சாயம் பற்றிச் சுருக்கமாக

இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் வரும் நிறத்தின் அமைதி தனி. 100 கிராம் பருத்திக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, அலசாமல் உலர்த்துங்கள். பிறகு 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் சில மணி நேரம். மறுபடி உலர்த்தி, லேசாக அலசுங்கள். கடைசியில் 50 முதல் 100 கிராம் மஞ்சிட்டிப் பொடியைத் தண்ணீரில் போட்டு, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூடாக வைத்து முக்கினால் செங்கல் சிவப்பு கிடைக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து படிகாரத்தைப் பிடிக்கும், படிகாரம் சாயத்தைப் பிடிக்கும்; நடுவில் ஒன்றை விட்டால் சிவப்பு முதல் துவைப்பிலேயே போய்விடும். கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்புத் தண்ணீர் பட்டால் சாம்பல், கறுப்பு வரும். ஆணியோ துருவோ பட்ட பாத்திரத்தை ஒதுக்கச் சொல்வது இதனால்தான். சோழமண்டலக் கரையின் பழைய சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்தது சாயவேர் என்ற இம்பூறல் செடியின் வேர். அதையும் படிகாரத்தோடுதான் முக்கினார்கள்.

அவுரி வேறு கதை. அதன் நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தில், காற்றுப் படாமல் புளிக்கவைத்தால் மஞ்சள்பச்சைக் கரைசலாகும். அதில் முக்கிய துணி வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். கண் முன்னாலேயே, காற்றுப் பட்ட ஓரத்திலிருந்து தொடங்கி நீலமாகும். ஒரே முறை நீண்ட நேரம் ஊறவைப்பதைவிடப் பலமுறை முக்கிக் காற்றாட விடுவதுதான் அடர்ந்த நீலத்துக்கு வழி.

மஞ்சள்தூளை மட்டும் நம்பாதீர்கள். எந்தத் துணையும் இல்லாமல் உடனே பளிச்சென்று ஏறும், வெயிலில் அதே வேகத்தில் போகும். சோப்புப் பட்டதும் செம்பழுப்பாக மாறுவது காரத்துக்கு அது காட்டும் நிறமாற்றம். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை விழுந்தால் அதே பலவீனம் நமக்கு உதவும்: துவைத்து, ஈரத்தோடு வெயிலில் போட்டால் மஞ்சள் வெளிறிவிடும்.

கடையில் வாங்கிய துணி சாயம் போனால்

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது ஊரெங்கும் சொல்லப்படுவது. ஊறும் நேரத்தில் சாயம் இறங்காததைப் பார்த்து நின்றுவிட்டதாக நினைக்கிறோம். அடுத்த முறை நல்ல தண்ணீரில் போட்டதும் மறுபடி இறங்கும். வினிகரும் பருத்தியில் இதைத் தடுக்காது. ஈரமான வெள்ளைத் துணியால் உள்மடிப்பைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், பருத்தியாக இருந்து சூடு தாங்குமானால், மேலே ஏழாவது கட்டத்தில் சொன்ன சுடுதண்ணீர் அலசலைச் செய்யுங்கள். மிகைச் சாயம் மட்டுமே காரணமானால் இரண்டு மூன்று முறையில் நிற்கும். அப்போதும் இறங்கினால் அது டைரக்ட் சாயம். சாயக் கடையில் கிடைக்கும் டை ஃபிக்ஸர் ஓரளவு கட்டுப்படுத்தும், அதற்குமேல் தனியாகத் துவைப்பதே வழி.

சாயம் ஏறிவிட்ட வெள்ளைத் துணியை உலரவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே சுடுசோப்புத் தண்ணீர். போகவில்லை என்றால், முழு வெள்ளைத் துணிக்கு மட்டும், 60 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஐந்து கிராம் ஹைட்ரோஸ் (நிறத்தை நீக்கும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் பொடி) போட்டு 15 நிமிடம், சன்னலைத் திறந்துவைத்து. தண்ணீரில் பொடியைப் போட வேண்டும். பொடியில் தண்ணீரைத் தெளித்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம். டப்பாவை ஈரம் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மிச்சத் தண்ணீரும் மிச்சப் பொடியும்

நடுத்தர நிறத்துக்கு நாம் போட்ட உப்பு லிட்டருக்கு 50 கிராம். கடல் நீரிலேயே ஏறக்குறைய 35 கிராம்தான். நொய்யல் ஆற்றில் நடந்ததும் இதுதான்: திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பும் சாயமும் கலந்த நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தி, வெளியே ஒரு சொட்டும் விடாத முறை அங்கே கட்டாயமானது. வீட்டில் ஒரு வாளி அந்த அளவுக்கு இல்லைதான். ஆனாலும் அதைச் செடிக்கோ கிணற்றடிக்கோ தோட்டத்து மண்ணுக்கோ ஊற்ற வேண்டாம். பாதாளச் சாக்கடை இணைப்பில், மற்றத் தண்ணீரோடு கலந்து விடுங்கள். முதல் மூன்று அலசலும் அதே வழியில். கடைசிச் சோப்புத் தண்ணீர் தரை கழுவ ஆகும், தரை வெள்ளை மொசைக்காக இல்லாதவரை.

மிச்சப் பொடிக்கு எதிரி ஈரம். இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு, நிறத்தின் பெயர், எழுத்து, வாங்கிய மாதம் எழுதி ஒட்டுங்கள். ஓராண்டு தாண்டிய டப்பாவை எடுத்தால் சேலையை இறக்கும் முன் கைக்குட்டை அளவுத் துணி ஒன்றில் முக்கி, அலசி, உலர்த்திப் பாருங்கள். வெளிர்ந்து வந்தால் அந்தப் பொடியை வெளிர் நிறங்களுக்கு ஒதுக்கிவிட்டு, அடர்ந்த நிறத்துக்குப் புதிது வாங்குங்கள்.